குண்டுப்பனைக்கு ஒரே குருத்து

இன்று காலை பம்மல் பஸ், தோல் பதனிடும் ஷெட்டுகளைத் தாண்டும்போது வழக்கம்போல எல்லோரும் மூக்கைப் பொத்தினார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்தில் நின்ற அம்மாள் முந்தானைக்கு மேலாக என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பச்சைத் தோலும் உப்பும் சுண்ணாம்பும் சேர்ந்த அந்த நாற்றத்தில் சிரிக்க என்ன இருக்கிறது என்று நினைத்திருப்பார். உனக்குத் தெரியும். தாம்பரத்திலிருந்து பல்லாவரம் வரை அதே வாடைக்கு நடுவில், கட்டை வண்டியில், ஒரு மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நாம் இரண்டு பேரும் போனோமே. ஆறு வருஷமாகியும் அது என் மூக்கை விட்டுப் போகவில்லை.

எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை என்பதும் உனக்குத் தெரியும். நான் எழுதுவதெல்லாம் ஷிப்ட் ரிப்போர்ட். எந்த மெஷின் நின்றது, ஏன் நின்றது, எப்போது ஓடியது. இதையும் அப்படித்தான் எழுதப்போகிறேன். அழகாக இருக்காது. ஆனால் இன்று நடந்ததை உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது?

மேற்குத் தாம்பரத்து வீட்டில் உன்னோடு அறையைப் பகிர்ந்துகொள்ள நான் டிரங்குப் பெட்டியோடு வந்த நாள் ஞாபகம் இருக்கிறதா? கையில் புது டிப்ளமா, ஃபேக்டரியில் புது வேலை. நீ கல்லூரியில் தாவரவியல் டெமான்ஸ்ட்ரேட்டர். பெட்டியை உள்ளே வைப்பதற்கு முன்பே என் கண் முற்றத்து மூலையில் நின்ற அந்த மரத்தின்மேல் விழுந்தது. இடுப்பு உயரத்துக்கு அடிமரம், சாம்பல் நிறம், வளையம் வளையமாகத் தழும்பு. அடி வயிறு பானைபோல உப்பி, மேலே போகப்போக ஒடுங்கி, கழுத்தில் ஒரு பச்சைக் குழாய். அதன் உச்சியில் எண்ணி ஐந்தே ஓலை. அவையும் வில்லாக வளைந்து முறுக்கிக்கொண்டு நின்றன.

"இதுக்கு ஏதோ கட்டி வந்திருக்கு. வெட்டிடலாமே" என்றேன். நாம் பேசிக்கொண்ட முதல் பேச்சு அதுதான்.

நீ கோபப்படவில்லை. வயிறு குலுங்கச் சிரித்தாய். "மிஸ்டர் டிப்ளமா, அது வியாதி இல்ல. அதோட உடம்பே அப்படித்தான். நீ வெடவெடன்னு இருக்கியே, உன்னை யாராவது வெட்டினாங்களா?"

அந்த வீட்டில் முன்பு குடியிருந்த ரயில்வே டிரைவரின் மனைவி, ஆஸ்திரேலியாவுக்குப் போகும் முன் வைத்துவிட்டுப் போன மரம் அது. தெருவில் எல்லோருக்கும் அது குண்டுப்பனை. உனக்கு மட்டும் அதன் லத்தீன் பெயர் தெரியும். அதை நீ சொல்லும்போதெல்லாம் ஏதோ ஜபம் சொல்வதுபோல இருக்கும். எனக்கு இன்றுவரை வாயில் நுழையவில்லை.

வீட்டுக்காரர் மனைவி, அந்த வயிற்றுக்குள் தண்ணீர் இருக்கிறது என்று நம்பினார். கோடையில் கிணறு அடி தட்டியபோது, "தம்பி, உங்க ஃபாக்டரி மிஷினால ஒரு ஓட்டை போட்டுப் பாரேன், ரெண்டு கொடம் தேறும்" என்று என்னிடம் ரகசியமாகக் கேட்டார். எனக்கும் சபலம்தான். வார்ப்பில் உள்ளே ஓட்டை விழுந்திருக்கிறதா என்று தட்டிப் பார்ப்பதுபோல விரல் முட்டியால் தட்டிப் பார்த்தேன். மந்தமான சத்தம். "உள்ள பஞ்சு மாதிரி சதைடா. குழாய் திறந்தா கொட்டாது" என்றாய் நீ, ஜன்னலுக்குள்ளிருந்து, புத்தகத்திலிருந்து தலையை எடுக்காமலே.

அந்த மரத்தால் நாம் முதலில் சண்டை போட்டது ஒரு ஓலைக்காக. கீழ் ஓலை மஞ்சளடித்து ஒரு மாதமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. பார்க்கப் பார்க்க எனக்குக் கை அரித்தது. ஒரு நாள் பிடித்து இழுத்துக் கிழித்துவிட்டேன். முற்றம் சுத்தமாகிவிட்டது என்று பெருமையாக உன்னிடம் காட்டினேன். உன் முகம் போன போக்கு!

"அது தானா விழுற ஜாதிடா. கிழட்டு ஓலை, தன்கிட்ட இருக்கிற சத்தையெல்லாம் புது ஓலைக்குக் குடுத்துட்டு அப்புறம்தான் விழும். குடுத்துக்கிட்டு இருக்கும்போது நடுவுல போய்ப் பிடுங்க நீ யாரு?"

இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் காலை நீயே டீ போட்டுக் கொடுத்து, "சரி, இனிமே அதுக்கு வாரம் ஒரு தடவை அடுப்புச் சாம்பல் போடறது உன் வேலை" என்றாய். ஏன் சாம்பல், எவ்வளவு சாம்பல் என்று கேட்டேன். "ஓலை மஞ்சளடிக்காம இருக்க. ஒரு கை." எந்தக் கை, யார் கை என்று கேட்டேன். டீயை என் தலையில் ஊற்றப் பார்த்தாய்.

அப்படி ஒரு வருஷம் ஓடியது. பிறகு ஆனி மாதக் கடைசியில் வீட்டுக்காரர் வந்தார். அந்தப் பக்கத்து நிலமெல்லாம் ஒரு காலத்தில் அவர் குடும்பம் நெல் போட்ட நிலம். இப்போது வீடாகக் கட்டி வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார்.

"இன்னா சார் மரம் இது? நுங்கு குடுக்குதா, தேங்கா குடுக்குதா? சும்மா வயித்தத் தள்ளிகினு நிக்கிது. அந்த எடத்துல ரெண்டு போர்ஷன் எழுப்பப் போறேன்."

நீ ஏதோ சொல்ல வாயெடுத்தாய். அவர் கையை உயர்த்திவிட்டார்.

"ஆடில நான் மண்ணத் தொட மாட்டேன். ஆவணி பொறந்தா கடைக்கால் தோண்ட ஆள் வந்துரும். அதுக்குள்ள தூக்கினு போறதுன்னா தூக்கினு போங்க. இல்லாங்காட்டி கோடாலிதான்."

ஆடி மாதத்தில் நல்ல காரியம் தொடங்க மாட்டார்கள் என்பதால் அந்த மரத்துக்கு ஒரு மாதம் ஆயுசு கிடைத்தது. கிறிஸ்தவனான நீ ஆடிக்கு நன்றி சொன்னதை நான் என் காதால் கேட்டேன்.

பல்லாவரம் மலையடிவாரத்தில் உன் அக்கா வீடு. பின்பக்கம் சரளை மண், நாள் முழுக்க வெயில், ஒரு சொட்டுத் தண்ணீர் நிற்காது. "இதுக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது" என்றாய். ஆடி முதல் வாரத்திலேயே மரத்தைச் சுற்றி ஒரு முழம் தள்ளிக் குழி வெட்டி, வேரை ஒரு பக்கமாக அறுத்து, ஈரச் சாக்கைத் திணித்தாய். பத்து நாள் கழித்து மறு பக்கம். ஒரே நாளில் முடிக்கிற வேலையை ஏன் இழுக்கிறாய் என்று நான் கத்தினேன். "ஆபரேஷன்டா, ஃபேக்டரி வேலை இல்ல" என்றாய். பல்லாவரத்து வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய சாக்காகப் பொறுக்கிக் கொண்டுவந்தாய். தூக்குகிற வேலை மட்டும் என்னுடையது என்று பிரித்துக்கொண்டோம்.

ஃபேக்டரியிலிருந்து பாரம் தூக்குகிற ஒரு செயின் பிளாக்கும் மூன்று இரும்புக் குழாய்களும் ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் வாங்கி வந்தேன். பகல் இரண்டு மணிக்கு ஸ்டோரில் திருப்பி வைத்தாக வேண்டும். உனக்கு ஞாயிறு காலை ஆராதனை.

"பத்தரைக்கு முடிஞ்சிடும். நான் வர்ற வரைக்கும் மரத்துமேல கை வெக்காதே" என்று மூன்று தடவை சொல்லிவிட்டுப் போனாய்.

ஒன்பதே முக்காலுக்கு எல்லாம் தயார். குழாய்களை முக்காலியாக நட்டு, உச்சியில் செயின் பிளாக்கை மாட்டியாகிவிட்டது. உதவிக்கு வந்த ஃபேக்டரி நண்பர்கள் இரண்டு பேர் பீடியை முடித்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். வண்டிக்காரர் துலுக்காணம் மாட்டை அவிழ்க்கலாமா வேண்டாமா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். சும்மா நிற்கிற மெஷினைப் பார்த்தால் எனக்கு ரத்தம் கொதிக்கும். ஆரம்பித்துவிட்டேன்.

முதலில் வயிற்றைச் சுற்றித்தான் கட்டினேன், சத்தியமாக. மேலே ஒடுங்கிக்கொண்டே போகிற உருவம் ஆயிற்றே, இழுத்ததும் கட்டு வழுக்கிக்கொண்டு மேலே வந்துவிட்டது. இரண்டு தடவை வழுக்கியது. மூன்றாவது தடவை என் மூளை வேலை செய்தது. பாட்டிலை எங்கே பிடித்துத் தூக்குவார்கள்? கழுத்தில். ஓலைகளுக்குக் கீழே, இருப்பதிலேயே ஒடுங்கிய இடத்தில், ஒரு சாக்கை மடித்து வைத்துச் சங்கிலியைச் சுற்றினேன். அருமையாகப் பிடித்தது. கிர்ரென்று இழுத்தேன். மண்ணோடு வேர்க்கட்டி கிளம்பி ஒரு சாண் மேலே வந்தது. நண்பர்கள் கை தட்டினார்கள். அப்போதுதான் உள்ளே 'நறுக்' என்று ஒரு சத்தம்.

தெருமுனையிலிருந்து நீ ஓடி வந்தாய். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, கக்கத்தில் வேதாகமம். நீ ஓடி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். ரயிலைப் பிடிக்கக்கூட ஓடாதவன்.

"இறக்குடா! இறக்கு! கழுத்துலதான்டா இதுக்கு உசிரே இருக்கு!"

இறக்கினேன். பச்சைக் குழாயின் அடியில் சங்கிலிக் கண்ணிகள் பதிந்து, கறுத்து, ஓரிடத்தில் சாறு கசிந்தது. நீ அதை விரலால் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. புழுதியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாய்.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். நான் சொன்னது இது: "செத்தா வேற ஒண்ணு வாங்கிக்கலாம்டா."

"வேற எங்கடா வாங்குவே?" என்றாய், தலையைத் தூக்காமல். "இதுக்குச் சொந்த ஊரு ஒரு தீவு. மொரீஷியஸ் பக்கத்துல, கடலுக்கு நடுவுல, ஒரு எரிமலைப் பாறை. எவனோ கப்பல்காரன் அங்க ஆட்டையும் முயலையும் விட்டுட்டுப் போயிட்டான். முளைக்கிற கன்னையெல்லாம் அதுங்க மேஞ்சு தீர்த்துடுச்சு. கிழட்டு மரம் நாலு நிக்குது. அது விழுந்தா அங்க முடிஞ்சுது. மிச்சம் இருக்கிறதெல்லாம் இப்படி எவன் வீட்டு முத்தத்துலயோ நிக்கிறதுதான். தென்னைக்கும் பனைக்கும் போல இதுக்கும் ஒரே குருத்துதான். அது போனா பக்கத்துல கிளை விடாது. மொத்தமும் போச்சு."

ஒரு வருஷம் அதே அறையில் இருந்தும் அதுவரை நான் அதைக் கேட்டதில்லை. நீ சொல்ல ஆரம்பிக்கும்போதெல்லாம் எனக்கு ஷிப்டுக்கு நேரமாகிவிடும்.

பிறகு நீதான் எழுந்தாய். வேர்க்கட்டிக்கு அடியில் சாக்கைக் கொடுத்து, தொட்டில்போலக் கட்டி, சங்கிலியை அதில் மாட்டச் சொன்னாய். பத்து நிமிஷத்தில் மரம் வண்டியில் ஏறிவிட்டது. துலுக்காணம் தாம்பரத்திலிருந்து பம்மலுக்கு உப்புத் தோல் ஏற்றுகிறவர். பாதி வண்டியில் தோல் கட்டு, பாதியில் நம் மரம். அவர் அதை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னா சார், புள்ளத்தாச்சி மரமா? பாத்து ஓட்டணுமா?"

உன்னையும் மீறி நீ சிரித்தாய். அந்தச் சிரிப்பு வந்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. ஜி.எஸ்.டி. ரோடில் குரோம்பேட்டை தாண்டும்வரை பஸ்ஸில் போனவர்களெல்லாம் மூக்கைப் பிடித்துக்கொண்டு நம்மை வேடிக்கை பார்த்தார்கள். தோலிலிருந்து உப்பு நீர் வழிந்து வேர்ச் சாக்கில் படுகிறதே என்று நான் பதறினேன். "உப்புக்குப் பயப்படுற மரம் இல்லடா அது. கடல் காத்து குடிச்சு வளர்ந்த ஜாதி. சங்கிலிக்குத்தான் பயப்படும்" என்றாய்.

அக்கா வீட்டில் முன்பிருந்த ஆழத்துக்கே நட்டோம், ஒரு விரல்கூட அதிகமில்லை. குழியில் எருப் போட விடவில்லை நீ. வெறும் மணலும் சரளையும்தான். முட்டுக் கொடுக்க நான் ஆணியை எடுத்தபோது கையைத் தட்டிவிட்டாய்: "பனை ஜாதிக்குக் காயம் மூடாதுடா. போட்ட ஓட்டை போட்டதுதான்." கயிற்றால் கட்டினோம்.

அதற்குப் பிறகுதான் கஷ்டகாலம். நீ என்னைத் திட்டவே இல்லை. திட்டியிருந்தால் திருப்பித் திட்டி, சண்டை போட்டு, முடித்திருப்பேன். நீ வழக்கம்போல டீ போட்டாய், பாட்டு முணுமுணுத்தாய். ஆனால் மிஸ்டர் டிப்ளமா என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டாய். என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாய். அது எனக்குத் தாங்கவில்லை.

எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் அளப்பது. விரியாத குருத்து ஈட்டிபோல நடுவில் நின்றதல்லவா, அதன்மேலும் பக்கத்து ஓலைத் தண்டின்மேலும் சேர்த்துச் சிவப்பு எனாமலால் ஒரே கோடாக இழுத்தேன். குருத்து உயிரோடிருந்தால் வளரும். கோடு இரண்டாகப் பிரியும். ஒவ்வொரு ஞாயிறும் தாம்பரத்திலிருந்து சைக்கிளில், மில்லிமீட்டரில் பத்தில் ஒன்றையும் அளக்கிற வெர்னியரோடு வந்து நிற்பேன். உன் அக்கா வாசலிலேயே ஆரம்பித்துவிடுவார்: "டாக்டர் வந்துட்டாருப்பா, நாடி பாக்க. ஏன் டாக்டர், பேஷண்ட் நாக்க நீட்டணுமா?"

கோடு பிரியவில்லை. ஒரு ஞாயிறு, இரண்டு ஞாயிறு, ஐந்து ஞாயிறு. ஐந்து ஓலைகளில் மூன்று காய்ந்து விழுந்தன. நான்காவது மஞ்சளடித்தது. கழுத்துத் தழும்பு கறுத்து இறுகியது. நீ குனிந்து குருத்தை முகர்ந்து பார்ப்பாய், அழுகல் வாடை வருகிறதா என்று.

"லேசா இழுத்துப் பாத்தா தெரிஞ்சிடும் இல்ல? அழுகியிருந்தா கையோட வந்துடும்" என்றேன் ஒரு நாள்.

"தெரிஞ்சிடும். அழுகாம இருந்தாலும், நீ இழுக்கிற இழுப்புல வந்துடும். தொடாதே."

ஆறாவது ஞாயிறு நீயும் அக்காவும் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தீர்கள். பின்பக்கம் நானும் மரமும் மட்டும். கோடு நேராகவே இருந்தது. குருத்தைப் பிடித்துவிட்டேன். உன்னிடம் சொன்னதில்லை இதை. இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு இழுப்பு இழுத்தால் கதை தெரிந்துவிடும். வருகிற ஞாயிறெல்லாம் சைக்கிள் மிதிக்க வேண்டாம். உன் முகத்தைப் பார்த்துப் பார்த்துக் காத்திருக்க வேண்டாம். எவ்வளவு நேரம் அப்படி நின்றேன் என்று தெரியாது. கையை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். ஒரு வாளி தண்ணீர் ஊற்றினேன். போய்விட்டேன்.

ஏழாவது ஞாயிறு கோட்டில் மயிரிழை போல ஒரு விலகல். பார்க்கிற கோணத்தால் வருகிற பிழை என்று நானே அடித்துவிட்டேன். எட்டாவது ஞாயிறு வெர்னியரை வைத்தேன். மறுபடி வைத்தேன். மூன்றாம் தடவையும் அதே அளவு.

"எவ்வளவு?" என்றாய் பின்னாலிருந்து.

"ரெண்டு புள்ளி நாலு மில்லிமீட்டர்."

"தமிழ்ல சொல்லுடா மிஸ்டர் டிப்ளமா."

"உயிரோட இருக்கு."

நீ என்னைத் தூக்கிவிட்டாய். வயிற்றைப் பிடித்துத் தூக்கியதாகவும், கழுத்தைப் பிடிக்கவில்லை என்றும் அக்காவிடம் சத்தியம் செய்தாய். அன்றைக்கு அக்கா வைத்த கோழிக் குழம்பில் பாதியை நான்தான் தின்றேன்.

அப்புறம் நடந்ததை நீட்டி எழுத எனக்கு வராது. மஞ்சள் காமாலை என்றார்கள், பதினோரு நாள். ஆஸ்பத்திரியில் நான் டாக்டர்களோடு சண்டை போட்டபோது, "விடுடா, நான் என்ன மெஷினா, பார்ட்டை மாத்தி உடனே ஓட்ட?" என்றாய். அதைச் சொல்லிவிட்டு நீயே சிரித்தாய். நீ போய் இரண்டு வருஷம் ஆகிறது. நானும் வேலை மாறி அனகாபுத்தூர் பக்கம் வந்துவிட்டேன்.

போன வாரம் அக்காவிடமிருந்து ஒரு போஸ்ட் கார்டு. "கழுத்துக்குக் கீழே பச்சையாகக் கொம்பு மாதிரி முளைத்திருந்தது. இன்றைக்கு வெடித்துப் பூ தெரிகிறது. டாக்டர் உடனே வரவும்." முதல் பாளைடா! விளக்குமாறுபோலக் கிளைத்து, சந்தன நிறத்தில் பொடிப் பொடியாகப் பூ. அத்தனையும் ஆண் பூ. நீ சொன்னது ஞாபகம் இருந்தது: முதலில் ஆண் பூ விரியும், அது உதிர்ந்து முடிந்த பிறகுதான் பெண் பூ விரியும். ஒரே மரம், ஒரே பாளை. மகரந்தத்தை யாராவது எடுத்து வைத்திருந்து பிறகு தடவினால்தான் காய்க்கு நிச்சயம்.

மரம் இப்போது என் தலையைத் தாண்டிவிட்டது. இன்று ஏணி போட்டு ஏறி, மகரந்தத்தை டிரேசிங் பேப்பரில் தட்டித் தட்டிச் சேர்த்து மடித்தேன். எங்கள் ஃபேக்டரியில் அளவுக் கருவிகளை ஈரம் படாமல் வைக்க ஒரு பெட்டி உண்டு, உள்ளே ஈரம் உறிஞ்சுகிற மணிகள் போட்டிருக்கும். அதில் இது கெடாது. பெண் பூ விரிந்ததும் அக்கா எழுதுவார்.

"காய் பிடிக்காட்டி என்னப்பா பண்ணுவே?" என்று கேட்டார் அக்கா, ஏணியைப் பிடித்துக்கொண்டு.

"அடுத்த பாளைக்கு வர்றேன்."

"பிடிச்சாலும் விதை முளைக்க ஆறு மாசம், எட்டு மாசம் ஆகும்னு தம்பி சொல்லுவானே. மண்ணைத் தோண்டித் தோண்டிப் பாக்கமாட்டியே?"

"விதை போடுற தொட்டி உங்ககிட்டயே இருக்கட்டுமே" என்றேன். அக்கா சிரித்த சிரிப்பு அப்படியே உன் சிரிப்பு.

சாயங்காலம் பல்லாவரம் ஸ்டாப்பில் நின்றேன். பம்மல் பஸ் வந்தது. படிக்கட்டுவரை ஜனம், ஒருவர்மேல் ஒருவர். மகரந்த மடிப்பு என் சட்டைப் பையில். ஒரு காலை வைத்தவன் எடுத்துக்கொண்டேன். அடுத்த பஸ்ஸும் அப்படியே வந்தது. கண்டக்டர் படியில் தொங்கியபடி கத்தினார்: "இன்னா சார், நின்னுகினே கீற? ஏறலயா?"

"நீ போப்பா, அடுத்ததுல வரேன்."

இரண்டு பஸ் விட்டேன்டா. நான்! மூன்றாவதில் உட்கார இடம் கிடைத்தது. வீடு வரை பைமேல் கையை வைத்துக்கொண்டே வந்தேன்.